விமானத்தில் விரிசல் தேடும் வேலை: ஹேங்கருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"அண்ணா, விமானத்துல கிராக் விழுந்தா வெல்டிங் வெச்சு அடைச்சிடுவாங்களா?"

முருகேஷ்பாளையத்தில் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வாணியம்பாடியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன் கேட்டது இது. ஹெப்பால் தாண்டி தேவனஹள்ளி போய்ச் சேரும்வரை பதில் சொல்லிக்கொண்டே போனேன், முடிந்தபாடில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூருக்கு வரும் பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்விதான் இருக்கிறது. அவர்களுக்காக மீதியை இங்கே எழுதுகிறேன்.

வெல்டிங் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பெரிய பயணிகள் விமானங்களின் உலோக உடல் பெரும்பாலும் 2024, 7075 வகை அலுமினியக் கலவைகளால் ஆனது. இந்தத் தகடுகளின் பலம் சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்தியதில் வந்த பலம். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் அங்கேயே போய்விடும். போதாக்குறைக்கு, ஆறும்போது வெல்டிங் ஓரத்திலேயே புது விரிசல் விழும். அதனால்தான் விமான உடல் லட்சக்கணக்கான ரிவெட்டுகளாலும் (ஓட்டையில் நுழைத்து மறுமுனையை அடித்து நசுக்கி இறுக்கும் ஆணி) போல்ட்டுகளாலும் கோக்கப்பட்டிருக்கிறது. பழுது பார்ப்பதும் அதே வழியில்தான்.

விரிசல் ஏன் வருகிறது

சிக்பேட்டையில் துணிக்கடைக்காரர் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று இழுப்பார், நேர்கோட்டில் கிழிந்து வரும். அந்த வெட்டு இல்லாமல் அதே துணியை எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. இழுவை முழுவதும் வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது, அவ்வளவுதான் விஷயம். விமானத் தகட்டில் அந்த 'வெட்டு' ஒரு ரிவெட் ஓட்டையாக இருக்கலாம், கதவின் மூலையாக இருக்கலாம், யாரோ கவனமில்லாமல் கீறிய கீறலாகவும் இருக்கலாம்.

இழுப்பது யார்? காற்றழுத்தம். விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கும்போதும் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடுவதற்காக, அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற அழுத்தத்தை உள்ளே வைத்திருக்கிறோம். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8, 9 பவுண்டு வரும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு சதுர அடித் தகட்டின் மேல் அரை டன்னுக்கும் அதிகமான சுமை. ஏறும்போது உடல் பலூன்போல உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இந்த ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் சைக்கிள். அதனால் ஒரு விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை சைக்கிள் என்று கேளுங்கள். பெங்களூரு–சென்னை என்று நாளெல்லாம் குட்டிக் குட்டியாகப் பறக்கும் விமானத்தின் உடல், ஒரே மூச்சில் லண்டன் போகும் விமானத்தைவிட வேகமாகக் களைத்துப்போகும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்துக்கு நடந்தது இதுதான். 19 வயதான விமானம், 89,680 சைக்கிள். 24,000 அடியில் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இணைப்பில் பசை விட்டுப்போக, சுமை முழுவதும் ரிவெட்டுகளுக்கு வந்து, ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் மெல்லிய விரிசல்கள் கிளம்பியிருந்தன. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. ஒருநாள் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஏறும்போதே கதவருகில் ஒரு விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பிறகு சொன்னார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நம் வேலையில் இருக்கும் யாரும் இந்தப் பயணியை மறக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

முதல் படி: காகிதம்

ஹேங்கருக்குள் நுழைந்ததும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எதைப் பார்க்கவேண்டும் என்பதை டாஸ்க் கார்டு சொல்லும். அதற்குப் பின்னால் பெரிய அமைப்பு இருக்கிறது. உலகில் எங்கோ ஒரு விமானத்தில் விரிசல் கண்டால், தயாரிப்பாளர் சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிவிப்பை வெளியிடுவார். ஆபத்தானது என்றால் தயாரிப்பாளரின் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ் என்ற கட்டாய உத்தரவு போடும். அது நம் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழியாக இங்கும் கட்டாயமாகிவிடும். 2012-ல் ஏ380 இறக்கையின் ரிப் பாதங்களில் (இறக்கையின் உள்விலா மேல்தகட்டோடு சேரும் இடம்) விரிசல் வந்தபோதும், 2019-ல் 737 என்ஜி விமானங்களில் இறக்கையையும் உடலையும் சேர்க்கும் 'பிக்கிள் ஃபோர்க்' என்ற பாகத்தில் வந்தபோதும் இப்படித்தான் உலகம் முழுக்கச் சோதனை நடந்தது. 2019 உத்தரவில் 30,000 சைக்கிளைத் தாண்டிய விமானங்களுக்குக் கொடுத்த அவகாசம் 7 நாள்.

டாஸ்க் கார்டோடு அந்த விமானத்தின் பழைய பழுதுகளின் பதிவையும் கேட்டு வாங்குங்கள். டென்ட் அண்ட் பக்கிள் சார்ட் என்பார்கள். எங்கெங்கே அடிபட்டது, எங்கே ஒட்டுப் போட்டது என்ற படம் அதில் இருக்கும். பழைய ஒட்டுகள்தான் முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இடத்தின் விலாசத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போயிங்கில் மூக்கிலிருந்து பின்னோக்கி பாடி ஸ்டேஷன் எண், ஏர்பஸ்ஸில் ஃப்ரேம் (உடலைச் சுற்றி வரும் வளையச் சட்டம்) எண். சுற்றளவில் ஸ்ட்ரிங்கர் (நீளவாக்கில் ஓடும் சட்டம்) எண், இடது வலது. "கதவுக்குக் கொஞ்சம் பின்னாடி" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரர் தடவிக்கொண்டே நிற்பார்.

இரண்டாவது படி: கண்

கருவிகளைப் பற்றி ஆசையாகக் கேட்பார்கள். விமானத்தில் கண்டுபிடிக்கப்படும் பழுதுகளில் பெரும்பங்கு கண்ணால்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. தேவை: நல்ல டார்ச், கைப்பிடியுள்ள சின்னக் கண்ணாடி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பொறுமை.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். தகட்டோடு சாய்வாக, 5 முதல் 45 டிகிரி கோணத்தில் பிடியுங்கள். மாலை வெயிலில் தரையின் சின்ன மேடுபள்ளம்கூட நிழல் விழுந்து தெரியுமே, அதேதான் இங்கேயும். வெளிச்சம் பிரதிபலித்து உங்கள் கண்ணிலேயே அடித்தால் கோணத்தை மாற்றுங்கள். ஒரு கோணத்தில் காணாமல்போகும் விரிசல், டார்ச்சைக் கொஞ்சம் திருப்பினால் கறுப்பு நூலாக எழுந்து நிற்கும்.

கீறலா விரிசலா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். கீறல் போகிற போக்கில் ரிவெட்டைத் தாண்டி, பெயின்ட்டைத் தாண்டி போய்விடும். விரிசல் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து கிளம்பும்: ஓட்டையின் விளிம்பு, ஒரு மூலை, ஒரு வளைவு. பெயின்ட்டில் மட்டும் விழுந்த வெடிப்பும் உண்டு. அதைப் பார்த்து "பெயின்ட்தான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெயின்ட் சும்மா வெடிக்காது, அடியில் ஏதோ அசைந்திருக்கலாம். எழுதுங்கள், சோதிக்கச் சொல்லுங்கள்.

எங்கே அதிகம் பார்க்கவேண்டும்? கதவு, ஜன்னல், சரக்கு வாசல் இவற்றின் மூலைகள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் லேப் ஜாயின்ட். ஃப்ரேமையும் ஸ்ட்ரிங்கரையும் பிணைக்கும் கிளிப்புகள். இறக்கை உடலோடு சேரும் இடம், என்ஜின் தொங்கும் பைலான், லேண்டிங் கியர் பொருத்துமிடம், வாலுக்கு முன்னால் உள்ளழுத்தத்தைத் தாங்கி நிற்கும் சுவரான ரியர் பிரஷர் பல்க்ஹெட். அப்புறம் விமானத்தின் சமையல் பகுதிக்கும் கழிப்பறைக்கும் அடியில் உள்ள தரைச் சட்டங்கள். காபி, ஜூஸ், கழிவுநீர் என்று ஆண்டுக்கணக்கில் கசிந்து அரிப்பு பிடித்திருக்கும், அரிப்பின் குழியில்தான் விரிசல் பிறக்கும். அங்கே குனிந்து பார்க்க யாருக்கும் பிடிக்காது. பிடிக்காத இடத்தில்தான் அதிகம் கிடைக்கும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு விமானத்தின் அடிவயிற்றைச் சோதனைக்குத் தயார்செய்யச் சொன்னார்கள். பளபளவென்று இருந்தால் பாராட்டுவார்கள் என்று நினைத்து சால்வென்ட் துணியால் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். அல்சூரிலிருந்து வரும் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, வந்து பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "தம்பி, துடைக்கிறதுக்கு முன்னாடி ரிவெட்டுக்குப் பின்னால கறுப்பா வால் மாதிரி ஏதாவது இருந்துச்சா?" இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் பார்த்த ஞாபகம். எந்த இடம் என்று தெரியவில்லை.

ரிவெட் தளர்ந்து ஓட்டைக்குள் அசைந்தால், உரசலில் வரும் அலுமினியத் தூள் கறுத்து, காற்று அடிக்கும் திசையில் பின்பக்கமாக ஒரு கோடு இழுக்கும். புகையும் ரிவெட் என்று இதற்குப் பெயர். எங்கே சுமை தவறாகப் போகிறது என்பதற்கு விமானமே எழுதிவைத்த குறிப்பு அது. அதை நான் துடைத்துவிட்டேன். அன்று அந்தப் பகுதி ரிவெட்டுகள் ஒவ்வொன்றையும் அண்ணாச்சி என்னை உட்கார்த்தி வைத்துச் சோதிக்க வைத்தார், ராத்திரி முழுக்க. ஆகவே துடைக்கும் முன் ஒருமுறை பாருங்கள், படம் எடுங்கள். துடைத்தபின் மறுபடி பாருங்கள். இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில், உள்ளிருந்து கசியும் காற்றோடு புகையிலைக் கறையும் வெளியே வந்து பழுப்புத் தடமாகப் படியும். பழைய ஆட்கள் அதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பார்கள். அப்படிப்பட்ட தடம் ஒன்றின் கதை கீழே வருகிறது.

மூன்றாவது படி: கருவிகள்

கண்ணுக்குச் சந்தேகம் வந்த இடத்தையும், கண்ணுக்கே தெரியாது என்று தயாரிப்பாளர் சொன்ன இடத்தையும் என்.டி.டி. ஆட்கள் சோதிப்பார்கள். பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறைகள் இவை. இதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றும் வேண்டும், லெவல் 1, 2, 3 என்று படிகள் உண்டு. ஆண்டுதோறும் கண் பரிசோதனை கட்டாயம். உங்களுக்குச் சான்று இல்லாதவரை நீங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆனால் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

அலுமினிய உடலுக்கு அதிகம் பயன்படுவது எடி கரன்ட். பேனா போன்ற ஒரு புரோபின் முனையில் கம்பிச் சுருள் இருக்கும். மாறுமின்சாரம் பாயும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். விரிசல் குறுக்கிட்டால் அது சுற்றிவளைத்துப் போகவேண்டும், திரையில் புள்ளி குதிக்கும். மெல்லிய பெயின்ட்டை எடுக்காமலே பார்க்கலாம் என்பது பெரிய வசதி. அதிர்வெண் அதிகம் வைத்தால் மேற்பரப்பு விரிசல் துல்லியமாகத் தெரியும், குறைத்தால் அடியிலுள்ள இரண்டாவது தகடுவரை இறங்கும்.

ஆனால் தொடங்கும் முன் ரெஃபரன்ஸ் பிளாக்கில் சரிபார்க்கவேண்டும். அதே கலவையில் செய்த துண்டு, அதில் தெரிந்த அளவில் ஒரு செயற்கைக் கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு திரையில் எவ்வளவு குதிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விமானத்துக்குப் போகவேண்டும். முடித்தபின் மறுபடி அதே துண்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் செட்டிங் நகர்ந்திருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டும். புரோபைச் சாய்த்தாலும் திரையில் புள்ளி ஓடும். அது விரிசல் ஓடும் திசையில் ஓடாது. இந்த வித்தியாசம் கைக்குப் பழகவே சில வாரங்கள் ஆகும்.

டை பெனெட்ரன்ட் முறையில் பெயின்ட்டை முழுக்க எடுத்தாகவேண்டும். அதையும் உப்புக்காகிதத்தால் தேய்த்து எடுக்காதீர்கள். மென்மையான உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். மேனுவல் சொல்லும் ரசாயன ஸ்ட்ரிப்பரால் எடுத்து, சுத்தம் செய்து, காயவிட்டு, ஒளிரும் திரவத்தைத் தடவிக் காத்திருக்கவேண்டும். பொதுவாக 10 முதல் 30 நிமிடம். மேலே உள்ள மிச்சத்தைத் துணியில் சால்வென்ட் நனைத்துத் துடைக்கவேண்டும். நேரடியாகத் தகட்டில் அடித்தால் விரிசலுக்குள் போனதும் கழுவிக்கொண்டு வந்துவிடும். பிறகு விரிசலுக்குள் போன திரவத்தை வெளியே உறிஞ்சும் டெவலப்பரை மெல்லிய பனிபோலப் பூசி, இருட்டாக்கி, புற ஊதா விளக்கில் பார்த்தால் பச்சை மஞ்சளாக ஒரு கோடு ஒளிரும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், புற ஊதா ஒளியிலும் அது கறுத்துப்போகும்.

அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே, இரும்புப் பாகங்களுக்கு மட்டும் மேக்னெட்டிக் பார்ட்டிகிள் என்று இன்னும் உண்டு. அவற்றைப் பயிற்சியில் படிப்பீர்கள். 787, ஏ350 போன்றவற்றில் உடலும் இறக்கையும் கார்பன் இழை. அங்கே விரிசலைவிட அடுக்குகள் பிரிவதுதான் கவலை. அதற்கு முதல் சோதனை தட்டிப் பார்ப்பது. சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, கணீர் என்றால் நல்லது, மொத்தென்று சத்தம் செத்துப்போனால் வேண்டாம் என்று. நம் பாட்டிமாருக்குத் தெரிந்த அதே சோதனை. சந்தேகம் வந்த இடத்தை அப்புறம் அல்ட்ராசோனிக்கில் அளப்பார்கள்.

நான்காவது படி: கண்டுவிட்டீர்கள், இனி என்ன

கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. முதலில் எதையும் தொடாமல் நிறுத்துங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நீளம், திசை, எந்த ஓட்டையிலிருந்து கிளம்புகிறது, பக்கத்து ஃப்ரேமுக்கு எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். பிறகு லைசென்ஸ் பெற்ற பொறியாளரிடம் சொல்லுங்கள்.

குறி போடக் கையில் கிடைத்த பென்சிலை எடுக்காதீர்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட். அலுமினியத்தோடு ஈரமும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். கோடு போட்ட இடத்திலேயே குழி விழும். அனுமதிக்கப்பட்ட மார்க்கர் மட்டும். அதேபோல இணைப்புகளை அடைக்கப் பூசும் சீலன்ட்டை எடுக்க பிளேடு, உளி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்தான். சீலன்ட் ஓரமாக பிளேடு இழுத்த மெல்லிய கோடுகளிலிருந்தே விரிசல் கிளம்பியதைப் பல விமானங்களில் கண்டு, அதற்கென்று தனிச் சோதனைகளே வந்தன.

அடுத்தது முக்கியம்: விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிவதில்லை. 12 மில்லிமீட்டர் என்று கண் சொன்னால், எடி கரன்ட் இன்னும் சில மில்லிமீட்டர் போகும் என்று காட்டக்கூடும். நுனி எங்கே என்று கருவியால் கண்டுபிடித்துக் குறிக்கவேண்டும். சுற்றியுள்ள ஓட்டைகளையும் மறுபக்கத்தில் அதே இடத்தையும் சேர்த்தே பாருங்கள். இடது பக்கம் வந்த சுமை வலது பக்கமும் வந்திருக்கும்.

பிறகு எஸ்.ஆர்.எம். எனப்படும் ஸ்ட்ரக்சரல் ரிப்பேர் மேனுவலைத் திறக்கவேண்டும். கீறல், பள்ளம், அரிப்பு இவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைகள் அதில் இருக்கும். விரிசலுக்கு அநேகமாக எந்தச் சலுகையும் இருக்காது. மேனுவலில் அந்த இடத்துக்குப் பழுது முறை இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு எழுதவேண்டும். பதில் வரும்வரை விமானம் நிற்கும். கமர்ஷியல் பக்கமிருந்து போன் மேல் போன் வரும். நிற்கட்டும்.

விரிசல் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. அது வளரும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. நீளம் கூடக் கூட ஒவ்வொரு சைக்கிளிலும் கூடுதலாக வளரும். சோதனை இடைவெளிகளை இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்: கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஆபத்தான அளவுக்குப் போவதற்குள் குறைந்தது இரண்டு வாய்ப்பாவது கிடைக்கவேண்டும். ஒருமுறை தவறவிட்டால் இன்னொரு ஆள் பிடிப்பார் என்பது அதன் அர்த்தம். அந்த இன்னொரு ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது படி: பழுது பார்ப்பது

ஸ்டாப் ட்ரில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விரிசலின் நுனியில் ஓர் ஓட்டை போட்டு, கூரான நுனியை வட்டமாக்கிவிடுவது. வேகம் குறையும், உண்மைதான். ஆனால் மேனுவல் அனுமதித்த இடத்தில், அனுமதித்த காலத்துக்கு மட்டும் செய்யும் தற்காலிக வேலை அது. நுனியைத் தவறவிட்டு ஓட்டை போட்டால் விரிசல் ஓட்டைக்கு அந்தப் பக்கம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நிரந்தரமாகச் செய்வதென்றால் சேதமான பகுதியை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, மேலே டப்ளர் என்ற ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்கவேண்டும். வெட்டும் முன் விமானம் சரியாகத் தாங்கலில் நிற்கிறதா என்று பாருங்கள். சுமை ஏறிய தகட்டை வெட்டினால் அது நகர்ந்துவிடும், பழைய ஓட்டையும் புது ஓட்டையும் சேராது. வெட்டிய மூலைகள் வட்டமாக இருக்கவேண்டும். 1954-ல் இத்தாலியின் எல்பா தீவருகிலும் நேப்பிள்ஸ் அருகிலும் இரண்டு காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் வானிலேயே உடைந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியது தெரிந்தது. மூலையை உருட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டியபின் விளிம்பை மறுபடி எடி கரன்ட் வைத்து, விரிசல் மிச்சமில்லை என்று உறுதிசெய்யுங்கள். டப்ளர் பொதுவாக மூலத் தகட்டைவிட ஒரு படி கனமானது. ரிவெட் மையத்துக்கும் தகட்டு விளிம்புக்கும் குறைந்தது ரிவெட் விட்டத்தின் 2 மடங்கு, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் பொதுவாக 4 முதல் 6 மடங்கு இடைவெளி என்பது தொழிலின் பால பாடம். உங்கள் வேலைக்கான அளவை மேனுவலிலிருந்து மட்டும் எடுங்கள், என்னிடமிருந்து எடுக்காதீர்கள். ஓட்டைகளின் பிசிறை எடுங்கள். பிசிறு என்பது துணிக்கடைக்காரரின் கத்தரி வெட்டு. அரிப்பைத் தடுக்கும் அலோடைன் பூச்சு, பிரைமர், பிறகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் சீலன்ட். ஈரம் உள்ளே போக வழி இருக்கக்கூடாது.

ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். வெளியே ரிவெட் கன் பிடிப்பவர், உள்ளே பக்கிங் பார் என்ற கனமான இரும்புக் கட்டியை எதிரே பிடிப்பவர். உள்ளே இருப்பவர் வேலைதான் கஷ்டம். முகத்துக்கு நேரே சத்தம், கை மரத்துப்போகும். அடித்து முடித்த தலையின் விட்டம் ரிவெட்டின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 4 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 6 அகலம், 2 உயரம். ஒருபக்கம் சாய்ந்திருந்தால், ஓரம் வெடித்திருந்தால், எடுத்துவிட்டு மறுபடி. எங்கள் ஹேங்கரில் தமிழ், கன்னடம், இந்தி, மலையாளம் எல்லாம் கலந்து ஓடும். ஆனால் ரிவெட் அடிக்கும் ஜோடிக்கு மொழி தேவையில்லை. உள்ளிருந்து ஒருமுறை தட்டினால் இன்னும் கொஞ்சம், இரண்டு தட்டினால் சரி, மூன்று என்றால் கெட்டுப்போச்சு. முதல் நாளே உங்கள் ஜோடியோடு இந்தக் கணக்கைப் பேசிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

ஒட்டே விரிசலாகும்போது

பழைய ஒட்டுகளை முதலில் பார்க்கச் சொன்னேன் அல்லவா? பழைய வேட்டிக்குப் புதுத் துணியில் ஒட்டுப் போட்டால் ஒட்டு கிழியாது, ஒட்டின் ஓரத்தில் வேட்டி கிழியும். டப்ளரிலும் அதேதான். கனமான தகடு சுமையை இழுத்துக்கொள்வதால், அதன் வெளி ஓர ரிவெட் வரிசையில் பழைய தகட்டுக்குத்தான் அதிக வேதனை. அங்கே வரும் விரிசல் டப்ளருக்கு அடியில் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கமிருந்து பார்க்கவேண்டும், இல்லையென்றால் குறைந்த அதிர்வெண் எடி கரன்ட் வைக்கவேண்டும்.

1980-ல் ஹாங்காங்கில் ஒரு சைனா ஏர்லைன்ஸ் 747 இறங்கும்போது வால் தரையில் உரசியது. உரசலின் கீறல்களை நீக்காமல், சேதம் முழுவதையும் போதிய அளவு தாண்டாத ஒரு டப்ளரை மேலே வைத்து மூடினார்கள். வெளியே பார்க்க ஒட்டு ஒழுங்காக இருந்தது. அடியில் கீறல்களிலிருந்து விரிசல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. டப்ளரின் ஓரத்தில் அந்தப் பழுப்புப் புகையிலைத் தடங்களும் இருந்தன. 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று, விமானம் வானில் உடைந்தது. 225 பேர்.

1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் விழுந்த 747-ன் கதையும் வால் உரசலில் தொடங்கியதுதான். 1978-ல் ரியர் பிரஷர் பல்க்ஹெட்டைப் பழுது பார்த்தபோது, ஒரே துண்டாக இருக்கவேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்கவேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கியது. மேலே சீலன்ட் பூசியபின் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 7 ஆண்டுகள் தாங்கியது. 520 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள்.

இரண்டிலும் வேலை பார்த்தவர்கள் நம்மைப்போல ஆட்கள்தான். தகடு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கும், நேரம் ஆகியிருக்கும். பொருந்தவில்லை என்றால் வெட்டிப் பொருத்தாதீர்கள். வரைபடத்தில் உள்ளபடி வரவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். புதியவர் சொன்னால் கேட்பார்களா என்று தயங்கவேண்டாம். கேட்கும் ஹேங்கரில் வேலை பாருங்கள்.

ஆறாவது படி: எழுதி ஒப்படைப்பது

பழுதுகளை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்றால் வழக்கமான சோதனையே போதும். பி நிரந்தரம்தான், ஆனால் குறித்த இடைவெளியில் தனியாகச் சோதிக்கவேண்டும். சி என்றால் குறித்த சைக்கிளுக்குள் எடுத்துவிட்டு வேறு போடவேண்டும். எது என்று பதிவில் தெளிவாக இல்லையென்றால், ஐந்து வருடம் கழித்து வேறு ஊர் ஹேங்கரில் டார்ச்சோடு நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஸ்டேஷன் எண், ஸ்ட்ரிங்கர் எண், விரிசலின் அசல் நீளம், வெட்டிய அளவு, டப்ளர் கலவையும் கனமும், ரிவெட் வகை, மேனுவலின் பக்கமும் திருத்த எண்ணும், மூடுவதற்கு முன் எடுத்த படம் எல்லாம் போகவேண்டும். நீங்கள் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், மூத்தவர் கேட்டாலும். வேலை முடிந்ததும் விமானத்தை வெளியே அனுப்பும் சான்றில் லைசென்ஸ் உள்ளவர்தான் கையெழுத்திடுவார். அவர் உங்கள் எழுத்தை நம்பித்தான் போடுகிறார்.

ஷிஃப்ட் மாறும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடாதீர்கள். ஜனவரி மாதம் தேவனஹள்ளி அதிகாலைக் குளிரில், 12 மணி நேரம் முடித்தவனுக்கு டீயும் படுக்கையும்தான் ஞாபகம் வரும். சோதனை பாதியில் நின்றால், எந்த ஓட்டைவரை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்தவரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் விரலால் காட்டுங்கள். டூல்களை எண்ணி, பலகையில் வரைந்திருக்கும் அதனதன் நிழலுருவத்தில் மாட்டுங்கள். பேனலை மூடுவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் தன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள்.